குளமும் கணினி நிரலும்

மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து, தள்ளாடி, உயிலங்குளம், முருங்கன் என்று பெருநிலத்தினுள்ளே செல்லும் வீதியிற் பயணம் செய்தவர்கள் கட்டுக்கரைக் குளத்தை அறிவர். அரக்கனுடைய குளம் என்று பொருள்படுமாறு ஆங்கிலேயர் அதற்குப் பெயரிட்டனர். தேக்கம் என்னும் இடத்தில் அருவி ஆற்றின் நீர் அணையால் மறிக்கப்பட்டு, வாய்க்கால் வழியாக இக்குளத்தை வந்தடைகிறது. பண்டைக் காலத்திற் கட்டப்பட்டு, பின்னர் நெடுங்காலம் பாழடைந்து கிடந்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருத்தப்பெற்ற இக்குளம், இன்று 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட நெல்வயல்களுக்கு நீர் ஊட்டுகிறது.

இக்குளத்தின் பரப்பைக் கண்டு வியப்பவர் பலர். ஆயின் வியப்பதற்குரிய செய்தி வேறொன்றும் உண்டு. இக்குளத்து நீரின் பெரும்பகுதி நேரே வயலுக்குச் செல்வதில்லை. வாய்க்கால்கள் வழியே சென்று, நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களை நிரப்புகிறது. அச்சிறு குளங்களிலிருந்தே வயல்கள் நீர் பெறுகின்றன. சிறு குளம் ஒவ்வொன்றிற்கும் ஒரு கட்டு உண்டு, துருசு உண்டு, வான் உண்டு, அதனை நம்பி வாழும் கமக்காரரும் உண்டு. ஒரு குளத்தின் துருசு பழுதுற்றால் அவ்வூரார் அதனைத் திருத்திக் கொள்ளலாம். பத்துக் கட்டைக்கு அப்பாலுள்ள ஊராரைக் கேட்க வேண்டுவதில்லை. ஆனால் பெரிய குளத்திலிருந்து எந்நாளில் நீர் திறப்பது, எவ்வளவு திறப்பது, யார் யாருக்கு எந்த முறையில் விடுவது என்பவற்றைப் பயிர்ச்செய்கை தொடங்குமுன் எல்லோரும் கூடியே முடிவு செய்ய வேண்டும். குளங்களின் அமைப்பும் குடிகளின் அமைப்பும் இவ்வாறு ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன.

மன்னார்த் தீவின் கரையோரத்தில் இதற்கு மாறான தொழிலமைப்பு ஒன்றைக் காணலாம். அது கரைவலை. சம்மாட்டி ஒருவர், வலை ஒன்று, மடி ஒன்று. வலையின் இரு கயிறுகளையும் இரு பக்கத்தாரும் ஒரே வேகத்தில் இழுத்தல் வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும்; மீன் தப்பும். வேலை செய்வோர் அனைவரும் ஒரே பாட்டில், ஒரே நேரத்தில், ஒருவரை ஒருவர் பார்த்தும் கேட்டும் நிற்பதனாலேயே இத்தொழில் நடைபெறுகிறது. கடலுக்கு அப்பால் உள்ள ஒருவர் தமக்கு ஓய்வு கிடைத்தபோது ஒரு முழம் கயிறு இழுத்துத் தருகிறேன் என்றால் அது நடவாது.

குளத்து நீரும் கரைவலையும் கணினியோடு எவ்வகையில் உறவுடையன என்று நேயர்கள் கேட்கலாம். பலர் கூடிச் செய்யும் ஒரு பொருள் அப்பலருடைய உறவு முறையைத் தன் வடிவிற் பெறுகிறது என்பதும், அப்பொருளின் வடிவம் அதனைச் செய்ய யார் வரக் கூடும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதும் இன்றைய மென்பொருள் ஆராய்ச்சியிற் பெரிதும் பேசப்படும் கருத்துக்கள். இவ்வுண்மை மிகத் தெளிவாக விளங்கும் இடம் திறந்த மூல மென்பொருள் ஆகும்.

கணினிக்கு இன்னது செய் என்று மனிதர் எழுதும் கட்டளைத் தொகுதியே நிரல். நிரல்கள் பல சேர்ந்தது மென்பொருள். ஒரு நிறுவனம் தான் எழுதிய நிரலை மறைத்து வைத்து, அதன் பயனை மட்டும் விற்பது ஒரு முறை. நிரலை எல்லோரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமையளித்து வெளியிடுவது மற்றொரு முறை. பின்னதனையே திறந்த மூலம் என்பர். இதனை எழுதுவோர் பல நாட்டினர். ஒருவரை ஒருவர் நேரிற் கண்டிராதவர் பலர். சிலர் ஊதியம் பெறுவர். பலர் விருப்பத்தால் உழைப்பர். கட்டளையிடும் சம்மாட்டி இல்லாத இக்கூட்டம் இலட்சக்கணக்கான வரிகளைக் கொண்ட நிரலைக் குழப்பமின்றி எவ்வாறு எழுத முடிகிறது என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடுவோர் முதலில் நினைவு கூரும் பெயர் மெல்வின் கான்வே என்பது. அமெரிக்கராகிய இவர் எழுதிய கட்டுரை ஒன்று டேட்டாமேஷன் என்னும் இதழில் 1968 ஏப்ரலில் வெளிவந்தது. ஹார்வர்ட் வணிக இதழ் ஒன்று, கருத்து மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, அதனை முன்னரே மறுத்திருந்தது. ஓர் அமைப்பை வடிவமைக்கும் குழு, தன்னுள்ளே நிலவும் தொடர்பு முறையின் சாயலிலேயே அதனை வடிவமைக்கும் என்பது கான்வே கண்ட கருத்து. அவர் காட்டிய உதாரணம் எளியது. எட்டுப் பேரைக் கொண்ட குழு ஒன்று கோபோல், அல்கோல் என்னும் இரு கணினி மொழிகளுக்கு மொழிமாற்று நிரல்களை எழுத வேண்டியிருந்தது. கோபோலுக்கு ஐவரும் அல்கோலுக்கு மூவரும் அமர்த்தப்பட்டனர். வேலை முடிந்தபோது கோபோல் நிரல் ஐந்து படிகளில் இயங்கிற்று. அல்கோல் நிரல் மூன்று படிகளில் இயங்கிற்று. மொழிகளின் இயல்பைக் காட்டிலும் ஆட்களின் எண்ணிக்கையே நிரலின் வடிவைத் தீர்மானித்துவிட்டது. 1975இல் பிரெட் புரூக்ஸ் என்னும் அறிஞர் தமது நூலில் இதனைக் கான்வேயின் விதி என்று குறிப்பிட்டார், அப்பெயரே நிலைத்தது.

திறந்த மூல உலகில் இவ்விதி எவ்வாறு செயற்பட்டது என்பதற்கு லினக்ஸ் சிறந்த சான்று. 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய பணி இது. இன்று ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகள் அனைத்தின் அடியிலும் இயங்குவது இதுவே. பேசாலையில் ஒரு மீனவர் கைப்பேசியில் காற்றின் நிலையைப் பார்க்கும்போது, பல நாட்டார் எழுதிய இந்நிரலே அங்கு வேலை செய்கிறது. பலர் ஒரே காலத்தில் தனித்தனியே உழைக்க வேண்டுமாயின் நிரல் தனித்தனிக் கூறுகளாகப் பிரிந்திருத்தல் இன்றியமையாதது என்பதைத் தொடக்கத்திலேயே உணர்ந்ததாக டோர்வால்ட்ஸ் பின்னர் எழுதினார். லினக்ஸின் நிரலோடு பொறுப்பாளர் பட்டியல் ஒன்றும் சேர்ந்தே வருகிறது. இந்தக் கூறுக்கு இன்னார், அந்தக் கூறுக்கு இன்னார் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். ஒரு கருவிக்குரிய நிரலில் திருத்தம் செய்தவர் அதனை அக்கூறின் பொறுப்பாளருக்கு அனுப்புவார். அவர் ஆராய்ந்து மேலே அனுப்புவார். இறுதியில் அது தலைமைத் தொகுதியிற் சேரும். சிறு குளம், வாய்க்கால், பெருங்குளம் என்ற அமைப்பை இது ஒத்திருக்கிறது. நீர் மேலிருந்து கீழே வருகிறது, திருத்தம் கீழிருந்து மேலே செல்கிறது என்பதே வேறுபாடு.

இதற்கு மறுபுறமான கதை நெட்ஸ்கேப் நிறுவனத்தினுடையது. இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவி ஒன்றை அந்நிறுவனம் தன் ஊழியர்களைக் கொண்டு எழுதியிருந்தது. 1998 மார்ச்சில் அதன் மூலநிரலை உலகுக்கு வெளியிட்டு, யாவரும் வந்து உதவலாம் என்று அழைத்தது. எதிர்பார்த்த அளவு உதவியாளர் வந்தாரில்லை. நிரல் மறைக்கப்படவில்லை, உரிமையும் மறுக்கப்படவில்லை. ஆயின் அந்நிரல் கரைவலையைப் போன்றது. அருகருகே இருந்தோர் கலந்து பேசிப் பேசி எழுதியதனால், ஒரு பகுதி மற்றெல்லாப் பகுதிகளோடும் பின்னிக் கிடந்தது. புதிதாக வந்தவர் ஒரு சிறு பிழையைத் திருத்த விரும்பினாலும் முழுவதையும் கற்க வேண்டியிருந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் நிரலின் அமைப்பையே மாற்றும் வேலை தொடங்கப்பட்டது. மொஸில்லா என்ற பெயரோடு அதன் முதல் முழுப் பதிப்பு 2002இல் வெளிவந்தது. பயர்பாக்ஸ் அதன் வழிவந்ததே.

மக்கோர்மக், ரஸ்நாக், பால்ட்வின் என்னும் மூவர் இவ்விரு மென்பொருள்களின் உள்ளமைப்பை அளந்து 2006இல் தம் ஆய்வை வெளியிட்டனர். ஓரிடத்திற் செய்யும் மாற்றம் எத்தனை இடங்களைத் தாக்கக் கூடும் என்பதே அவர்கள் கொண்ட அளவுகோல். மொஸில்லாவின் முதல் நிலை லினக்ஸை விட மிகவும் பின்னிக் கிடந்ததென்றும், அமைப்பை மாற்றிய பின் அது லினக்ஸை விடவும் நெகிழ்வுடையதாயிற்று என்றும் கண்டனர். பின்னர், ஒரே பயனுடைய திறந்த மூல மென்பொருளையும் நிறுவன மென்பொருளையும் இணை இணையாக வைத்து ஒப்பிட்டு 2012இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், பரந்து கிடக்கும் குழுக்கள் எழுதியவை நெகிழ்வுடையனவாகவும், நெருங்கிய குழுக்கள் எழுதியவை இறுகியனவாகவும் இருந்தன. சில இணைகளில் வேறுபாடு எட்டு மடங்கு வரை சென்றது. கான்வே உதாரணத்தாற் கூறியது அளவையாலும் உறுதிபெற்றது.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். வேலை பகிரப்பட்டது என்றால் எல்லோரும் சம அளவில் உழைத்தனர் என்பது பொருளா? அன்று. இணைய வழங்கிகளுக்குரிய அப்பாச்சி என்னும் மென்பொருளை ஆராய்ந்து 2002இல் வெளியான கட்டுரை இதனைத் தெளிவாக்கிற்று. நிரல் எழுதி உதவியோர் ஏறத்தாழ 400 பேர். ஆனால் புதிய நிரலில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் எழுதியவர்கள் 15 பேரே. பிழை திருத்தியவர்களின் வட்டம் அதனினும் பெரிது. பிழை உண்டு என்று அறிவித்தவர்களோ 3,000 பேருக்கு மேல். நடுவே சிறு வட்டம், அதனைச் சூழப் பெரிய வட்டம், அதற்கும் வெளியே மிகப் பெரிய வட்டம் என்பதே வளமான திறந்த மூலக் குழுவின் தோற்றம்.

இலங்கையில் இதற்குக் கிடைத்த சான்று சகன என்னும் மென்பொருள். சகன என்னும் சிங்களச் சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறை, காலி முதலிய கரையோரங்களை அழித்தது. இந்நாட்டில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். காணாமற் போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே என்ன உதவி செய்கிறது, எவ்விடத்திற்கு என்ன பொருள் வேண்டும் என்பவற்றை ஒருங்கே அறிய வழியின்றி நிவாரணப் பணி தடுமாறிற்று. இலங்கையின் கணினி வல்லுநர் பலர் சில கிழமைகளுக்குள் ஒரு மென்பொருளை எழுதினர். 2003இல் நிறுவப்பட்ட லங்கா மென்பொருள் மன்றம் அதனைப் பின்னர் பேணி வளர்த்தது.

அதன் அமைப்பை நோக்கினால் கான்வேயின் விதி மீண்டும் தோன்றும். காணாமற் போனோர் பதிவு ஒரு கூறு. நிறுவனங்களின் பதிவு ஒரு கூறு. முகாம்களின் பதிவு ஒரு கூறு. தேவைகளைக் கேட்டலும் நிறைவேற்றலும் ஒரு கூறு. நிவாரணப் பணி களத்தில் எவ்வாறு பிரிந்து நடந்ததோ அவ்வாறே நிரலும் பிரிந்தது. இப்பிரிவு பின்னர் பெரும் பயன் தந்தது. 2005 அக்டோபரிற் பாகிஸ்தானிலும், 2006இற் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் பேரிடர்கள் நேர்ந்தபோது, அங்குள்ளோர் தமக்கு வேண்டிய கூறுகளை எடுத்துத் தம் நிலைமைக்கு ஏற்பப் பயன்படுத்தினர். சமூக நன்மைக்கான 2006ஆம் ஆண்டு விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சகனவுக்கு வழங்கியது.

ஆயின் கதை அங்கே முடியவில்லை. உதவியாளர் பல நாடுகளிற் பெருகினர். 2009இல் அமெரிக்காவில் தனி அறக்கட்டளை அமைந்தது. இலங்கையிற் பிறந்த நிரல் பிஎச்பி என்னும் கணினி மொழியில் இருந்தது. புதிய குழுவொன்று பைதான் என்னும் வேறு மொழியில் புதிதாக எழுதத் தொடங்கியது. அதற்கு ஈடன் என்று பெயர். 2010இல் ஹெய்ட்டி நாட்டு நிலநடுக்கத்தின்போது செயற்பட்டது இப்புதிய கிளையே. பழைய கிளை அகஸ்தி என்ற பெயரோடு வேறு வழியில் வளர்ந்தது. குழு இரண்டானபோது நிரலும் இரண்டாயிற்று. இதனைக் குற்றமென்று கொள்வது பொருந்தாது. கிளைக்கும் உரிமை திறந்த மூலத்தின் அடிப்படை உரிமைகளுள் ஒன்று. எனினும் உழைப்போர் தொகை சிறிதாயின், இரண்டு வாய்க்கால்களிற் பிரிந்த நீர் இரண்டு வயல்களுக்கும் போதாமற் போகலாம்.

தமிழ் மொழிக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. திறந்த மூல மென்பொருள்கள் பலவற்றில், திரையிற் தோன்றும் சொற்கள் நிரலினுள்ளே புதைந்திராமல் தனிக் கோப்பில் வைக்கப்படுகின்றன. இது நிரலின் அமைப்பைப் பற்றிய சிறு முடிவு. ஆனால் அதன் விளைவு பெரிது. நிரல் எழுதத் தெரியாத ஒரு தமிழாசிரியரும் அச்சொற்களைத் தமிழாக்கித் தரலாம். கேடிஇ, குனோம், பயர்பாக்ஸ், லிப்ரே ஆபிஸ் முதலியவை தமிழ் பேசத் தொடங்கியது இவ்வாசல் வழியாகவே. மொழிபெயர்ப்பாளர் வருவதற்குரிய கதவு நிரலின் அமைப்பிலேயே வைக்கப்பட்டதனால் அவர்கள் வந்தனர்.

இங்கும் குழுவின் வடிவம் பொருளிற் படிந்தது. பயர்பாக்ஸ் உலாவிக்குத் தமிழ் என்று ஒன்றும், இலங்கைத் தமிழ் என்று மற்றொன்றுமாக இரு பதிப்புக்கள் சில ஆண்டுகள் வெளிவந்தன. கணினி என்பாரும் கணனி என்பாரும் இருக்கும் மொழியில் இதனை வியப்பென்று கூற முடியாது. எனினும், கடலின் இரு கரைகளிலும் இருந்தோர் ஒரே மேசையிற் கூடியிருப்பின் எழுந்திருக்கக் கூடிய கேள்விகள் பல. மன்னார்க் கடலின் அகலம் மொழிபெயர்ப்புக் கோப்பினுள்ளும் புகுந்துவிட்டது எனலாம்.

கூறுகளாகப் பிரித்தலே எல்லா நோய்க்கும் மருந்து என்று எண்ணுதல் பிழை. சிறு குளம் ஒன்றின் கட்டு யாரும் பாராமையால் உடையுமாயின், அந்நீர் அதன் கீழுள்ள குளங்களின் கட்டுக்களையும் உடைத்துச் செல்லக் கூடும். நிரலுலகிலும் இது நிகழ்ந்தது. கோப்புக்களைச் சுருக்கி வைக்கும் எக்ஸ்இஸட் என்னும் சிறு மென்பொருள் லினக்ஸ் பதிப்புக்கள் மிகப் பலவற்றிற் சேர்ந்திருந்தது. அதனைப் பேணியவர் நடைமுறையில் ஒருவரே. ஊதியமின்றி உழைத்துக் களைத்தவர். புனைபெயருடைய ஒருவர் உதவுவார் போல வந்து, இரண்டாண்டுகளுக்கு மேல் நற்பணி செய்து நம்பிக்கை பெற்று, பின்னர் கணினிகளுக்குள் களவாக நுழைவதற்குரிய வழியை அந்நிரலில் மறைத்து வைத்தார். தமது கணினி அரை நொடி தாமதிப்பதைக் கண்டு ஐயுற்ற பொறியியலாளர் ஒருவர் 2024 மார்ச்சில் அதனைக் கண்டுபிடித்திராவிடின், உலகெங்கும் எண்ணற்ற கணினிகள் அபாயத்துள்ளாகியிருக்கும்.

அந்நிரலின் அமைப்பு நன்றாகவே இருந்தது. அதைச் சூழ்ந்திருக்க வேண்டிய வட்டமே இல்லாதிருந்தது. கூறு சிறிதாயிற்று என்பதற்காக அதனை ஒருவரிடம் விட்டுவிடலாகாது என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம். ஒரு மென்பொருளைப் பயன்படுத்தும் அரசோ பள்ளியோ வணிகரோ, அது நன்கு இயங்குகிறதா என்பதோடு, அதனைப் பேணுவோர் எத்தனை பேர், ஒருவர் விலகினால் அடுத்தவர் உளரா என்பதையும் கேட்க வேண்டும். குளத்தின் நீர்மட்டத்தை மட்டும் பார்த்துக் கட்டைப் பாராதவர் நல்ல கமக்காரர் ஆகார்.

இதிலிருந்து மன்னார்ப் பகுதி மாணவர்க்கும் ஒரு செய்தி உண்டு. இத்தகைய பணியில் இணைய வேண்டுமாயின் முழு மென்பொருளையும் கற்றுத் தேர்ந்த பின்னரே வர வேண்டும் என்பதில்லை. பிழையொன்றைக் கண்டு தெளிவாக எழுதி அறிவிப்பது ஒரு வாயில். சொற்களைத் தமிழாக்குவது ஒரு வாயில். ஒரு சிறு கூறினைத் திருத்துவது அடுத்த வாயில். வெளி வட்டத்திற் புகுந்தவர்களே காலப்போக்கில் உள் வட்டத்தை அடைகின்றனர். அவ்வாறு புகுவதற்குரிய வழியை நிரலில் வைத்தல் வடிவமைப்போரின் கடமை. புகுந்தவரை வரவேற்று வழிகாட்டுதல் குழுவின் கடமை. இவ்விரண்டில் ஒன்று தவறினும் மற்றது பயன்படாது.

கட்டுக்கரைக் குளத்தைத் தோண்டியவர்களின் பெயர்களை இன்று எவரும் அறியார். அவர்களுக்குப் பின் ஒவ்வொரு தலைமுறையிலும் சிறு குளங்களின் கட்டை உயர்த்தியவர்களும், துருசைத் துப்புரவு செய்தவர்களும், நீர்ப் பங்கீட்டிற் சண்டையிட்டுப் பின் சமாதானமானவர்களும் இருந்தமையாலேயே அவ்வயல்கள் இன்றும் விளைகின்றன. பொதுவுடைமையாகிய மென்பொருளும் அவ்வாறே. அது எழுதி முடிக்கப்படும் பொருள் அன்று. பேணப்படும் வரையில் உயிரோடிருக்கும் பொருள்.